காட்சிக்கு முன்னால் ஒரு சொல்

போன வாரம் அறிவிப்பக்கா ஒரு சொல்லை அழித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள் அல்லவா? அந்த நிம்மதிக்கு ஆயுள் சனிக்கிழமை காலை வரைதான்.

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆலய அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு நடுவில் எழுந்து நின்று சபை அறிவிப்புகளை வாசிப்பவள். யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன், எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவள் வாயால் வந்தால்தான் சபைக்கு அது செய்தி. அவளே தட்டச்சு செய்து, நகலெடுத்து, வாசல் மேசையில் அடுக்கியும் வைப்பாள். எந்த அறிவிப்பாக இருந்தாலும் 'அனைவரும் வந்து ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று முடிப்பது கை போன போக்கில் வந்துவிட்ட பழக்கம். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பையும் ஒரு தடவை அப்படியே முடித்துவிட்டு, சபை முழுக்கச் சிரித்தபோது ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

அவளுடைய மகளுக்கு அந்த ஆலயத்தில் தன் முதல் கலைக் காட்சியை வைக்க வேண்டும் என்று ஆசை. போதகர் இளைஞர், சரி என்றுவிட்டார். முட்டுக்கட்டை, சபை நிர்வாகத்தில் மூத்தவரான மூப்பர்தான். "கலைன்னா மேடை, மேடைன்னா கூத்து, கூத்துன்னா ஆலயம் போச்சு" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவர் அவர். அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தால் ஆராதனை நடுவிலேயே எழுந்து நிற்பார் என்று அறிவிப்பக்காவுக்கு நிச்சயம். அதனால் 'ஒளிக் கலைக் காட்சி' என்று அடித்திருந்ததில் நடுச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வாசித்தாள். மூப்பர் அசையவில்லை. கண்ணை மூடித் தலையாட்டினார்கூட. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாய் நிறைய நுரையோடு கதவைத் திறந்தால், நாத்தனார்.

கணவரின் தங்கை. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய ஒரே மகன், வீட்டில் எல்லோரும் கொக்கு என்று கூப்பிட்ட அந்த நெட்டைப் பையன், மழை நாள் ஒன்றில் லாரி மோதிப் போய்விட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடக்கம் முடிந்த கையோடு அவள் ஆலயத்துக்கும் முழுக்குப் போட்டாள். "இனிமே எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல" என்று போதகர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் என்றது கடவுளை. சொன்னபடியே இருந்தும் காட்டினாள்.

அப்படிப்பட்டவள் தலைக்குக் குளித்து, நல்ல உடை உடுத்தி, கையில் மடித்த தாளோடு வாசலில் நிற்கிறாள்.

"அண்ணி, இது நீங்க எழுதினதுதானே?"

அறிவிப்பக்கா நுரையை அப்படியே விழுங்கினாள். "ஆமாம்மா. ஏன்?"

"சட்டைக்கு அளவு குடுக்க வந்தவங்க கடையில வச்சுட்டுப் போனாங்க. அன்னையிலேர்ந்து தையல் மிஷின் மேலதான் இருக்கு." நாத்தனார் விரலை வைத்துக் காட்டினாள். "ஒளிக் காட்சின்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா, அது..."

"இன்னிக்கு சாயங்காலம் நம்ம ஆலயத்துலயா அண்ணி? நெஜமாவா காட்சி குடுக்கறார்?"

அப்போதுதான் உறைத்தது. கலை இருந்தவரை அது சுவரில் மாட்டி வைத்துப் பார்க்கிற காட்சி. கலை போனதும் அது ஆண்டவர் கொடுக்கிற காட்சி. போதாக்குறைக்கு ஒளி வேறு. அதற்குக் கீழே, வந்து ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளுங்கள் வேறு. யாராவது வேறு மாதிரி படித்தால்தான் ஆச்சரியம்.

"உள்ள வாம்மா. காபி போடறேன்."

"வேண்டாம் அண்ணி. நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இந்த மாதிரி விஷயத்துக்கு வெறும் வயித்தோட போகணும்னு தோணுச்சு. சரிதானே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல..."

"நான் அவர்கிட்ட புள்ளையத் திருப்பிக் குடுன்னு கேக்கல. அவன் அங்க நல்லா இருக்கானான்னு ஒரு தடவ காட்டு, போதும், அதுவரைக்கும் உன்கூடப் பேசமாட்டேன்னு சொல்லியிருந்தேன்." நாத்தனார் சிரித்தாள். கொக்கு போன பிறகு அந்த முகத்தில் பல் தெரிந்து அறிவிப்பக்கா பார்த்ததே இல்லை. "கடைசியில அவரே எறங்கி வந்துட்டார் பாருங்க."

சொல்லியிருக்கலாம். இது நம் வீட்டுப் பெண் துணியும் விளக்கும் வைத்துச் செய்திருக்கிற கலை வேலை, நான் ஒரு சொல்லை எடுத்துவிட்டேன், என் தப்பு என்று வாசலிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைத் தன் கையாலேயே துடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஏன் எடுத்தாய் என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லத் தைரியமும் வரவில்லை. இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"முன் பெஞ்சு கிடைக்குமா அண்ணி?"

"உனக்கு இடம் பிடிச்சு வைக்கறேன்" என்றது அறிவிப்பக்காவின் வாய்.

நாத்தனார் போன பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் நுரை காய்ந்திருந்தது.

அலுவலகத்துக்குப் போய்ப் பையை வைப்பதற்குள் தொலைபேசி.

"காட்சி எவ்வளவு நேரம் தெரியும்ங்க?" என்றது ஒரு குரல். வைத்தவுடன் இன்னொன்று: "எங்க மாமியாருக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலியோட கூட்டிட்டு வரலாமா? கிட்ட உக்கார வைப்பீங்களா?" அதற்கடுத்தவர் வேறு சபைக்காரர். "யாரு காட்சி தராங்கன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும். ஆண்டவரா மாதாவான்னு எங்க வீட்ல ரெண்டு கட்சியா இருக்கோம்" என்றார்.

ஒவ்வொருவரிடமும் அறிவிப்பக்கா மென்று முழுங்கினாள். "வந்து பாருங்க" என்றாள். "கூட்டத்தைப் பொறுத்து" என்றாள். ஒருவரிடமாவது பளிச்சென்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் நினைத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

பிறகு மூப்பர் கூப்பிட்டார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டார், சாயங்காலம் வாசலில் நின்று மகளைத் திட்டப் போகிறார் என்று சண்டைக்கு வாயைத் தயார் செய்தாள். ஆனால் மறுமுனையில் குரல் கீழே இறங்கி இருந்தது.

"ஏம்மா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"சொல்லுங்க ஐயா."

"இது எல்லார் கண்ணுக்கும் தெரியாதுன்னு சொல்வாங்களே. எனக்குத் தெரியுமா?"

மேசையைத் தட்டிப் பேசியே பழகிய மனிதர்.

"நான் நெறைய பேரைக் கடிஞ்சு பேசியிருக்கேன். போன கூட்டத்துலகூட உங்க பொண்ண ரொம்பப் பேசிட்டேன். அதெல்லாம் கணக்குல வருமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல."

"நீங்க வாங்க ஐயா" என்றாள். தொலைபேசியை வைத்தாள். அவரோடு சண்டையே போட்டிருக்கலாம்.

மத்தியானம் ஆலயத்துக்குள் போனபோது மகள் ஒரு பெஞ்சின் முதுகில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். வாயில் நாலைந்து குண்டூசி. கூரையிலிருந்து தரைவரை மெல்லிய வெள்ளைத் துணிகள், ஒன்றன்பின் ஒன்றாக, நடுப்பாதை முழுவதும் தொங்கின. ஜன்னல்களைக் கறுப்புத் தாள் வைத்து அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் ஒரு விளக்கு. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். எங்கோ ஒளித்து வைத்த மின்விசிறியில் துணி லேசாக அசைந்தது. உருவம் கிடையாது, சிலுவை கிடையாது, பாட்டு கிடையாது. யாராவது துணிகளுக்கு நடுவே நடந்தால் அவர்களுடைய நிழல் அடுத்த துணியில் பெரிதாக, வெளிறிப்போய் விழும். அவ்வளவுதான் வேலை.

இந்த வேலையைத் தூக்கிக்கொண்டு மகள் ஏறாத படி இல்லை. கலைக்கூடங்களில் "இது ரொம்ப பக்தியா இருக்கே" என்றார்கள். ஆலயங்களில் "இது ரொம்ப கலையா இருக்கே" என்றார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளையாக அது வீட்டு அலமாரி மேல் சுருண்டு கிடந்தது. துணி எடுத்து வைக்க இடமில்லை என்று அம்மாவே பலமுறை முணுமுணுத்திருக்கிறாள்.

"அம்மா!" குண்டூசிகளைத் துப்பிவிட்டு மகள் குதித்து இறங்கினாள். "போதகர் ஐயா சொன்னார், போன் நிக்கவே இல்லியாமே! அத்தனை பேரா?"

"ஆமா. கொஞ்சம் பேர்."

"கொஞ்சமா? கொண்டுவந்த நாற்காலி பத்தாதுன்னு பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கார்." மகளின் கண் நிறைந்துவிட்டது. "இதப் பாக்க யாரும்மா வரப்போறான்னு நீயே சொன்ன. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"அத்தை வராங்களாமே. அப்பா சொன்னார். அந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்னு சொன்னவங்க, எனக்காக வராங்க. எனக்கு இது போதும்மா. வேற யாரும் பாக்கலன்னாலும் பரவாயில்ல."

அறிவிப்பக்கா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பொய்க்கு இத்தனை பேர் பந்தி போட்டு உட்காருவார்கள் என்று யார் கண்டது?

"வாசல்ல ஒரு போர்டு வைக்கலாமா?" என்றாள், சும்மா கேட்பது போல. "கலைக் காட்சின்னு. உன் பேரும் போட்டு."

"ஐயோ, வேணாம்மா. முன்னாடியே இது இதுதான்னு சொல்லிட்டா அப்புறம் அவங்க அதத்தான் பாப்பாங்க. ஒண்ணும் தெரியாம வரணும். அவங்களா என்ன பாக்கறாங்களோ பாக்கட்டும்."

கலைக்காரிக்கு அது நியாயமான பேச்சுதான். அறிவிப்பக்கா வற்புறுத்தியிருந்தால் போர்டு வைத்திருப்பாள். அவள் வற்புறுத்தவில்லை. போர்டு வேண்டாம் என்று சொன்னது மகள்தான், நான் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு சப்பைக்கட்டு ஓடியது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கணவர் பீடத்துக்கு முன்னால் ஏணியில் இருந்தார். மின்சார வேலைக்காரர், மகளுக்காக விடுப்பு எடுத்திருந்தார். நெட்டை மனிதர், எந்த நிலைப்படியில் நுழைந்தாலும் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துதான் நுழைவார். தங்கை மகனுக்குக் கொக்கு என்று பட்டம் வைத்ததும் அவர்தான். மாமனும் மருமகனும் ஒரே அச்சு.

"என்னங்க, ஒரு நிமிஷம் எறங்கி வாங்களேன்."

"இந்தக் கடைசித் துணிக்குப் பின்னாடி இருக்கற விளக்கு மக்கர் பண்ணுது. ஆரம்பிச்சதும் நான் பின்னாலயே மூலையில ஒதுங்கி நின்னுக்கறேன். என்ன சொல்லு?"

"உங்க தங்கச்சி வேற என்னமோ நினைச்சுட்டு வரா."

"என்னத்தையாவது நினைச்சுக்கட்டும். வராளே!" அவர் ஸ்க்ரூவைத் திருகினார். "அவ வீட்டைவிட்டு வெளியில வந்ததே பெரிசு. நீ ஒண்ணும் குட்டையக் கொழப்பாத."

இதைக் கேட்டதும் அறிவிப்பக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. இறங்கியதற்காக இன்னும் கொஞ்சம் பாரம் ஏறியது.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட அப்படி வருவதில்லை. ஞாயிறென்றால் வாசலில் குசலம், செருப்புச் சத்தம், பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் இருக்கும். இன்று யாரும் பேசவில்லை. சக்கர நாற்காலியில் வந்த கிழவி கைகளை மடியில் கோத்திருந்தாள். மூப்பர் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் வந்து, யாரையும் இடிக்காமல் கடைசி வரிசையில் ஒடுங்கிக்கொண்டார். போதகர் அறிவிப்பக்காவின் காதோரம் வந்து, "கலைக்கு நம்ம சபையில இவ்வளவு மரியாதையா அக்கா? நம்பவே முடியல" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாத்தனார் வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். அறிவிப்பக்கா போய்க் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"பயமா இருக்கு அண்ணி."

இதற்கு மேல் முடியாது என்று ஆகிவிட்டது. யார் எப்படிப் போனாலும் சரி. "இப்படி ஓரமா வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காலையிலேயே சொல்லியிருக்கணும்."

"அப்புறம் சொல்லுங்க அண்ணி." நாத்தனார் கையை மெல்ல உருவிக்கொண்டாள். "இப்ப ஏதாவது பேசினா மனசு கலைஞ்சிடும்."

விறுவிறுவென்று நடந்து போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடம் பிடித்து வைக்க அறிவிப்பக்கா போட்டிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவுகளைச் சாத்தினார்கள். இருட்டு.

முதல் துணி வெளுத்தது. பிறகு அடுத்தது. வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து பீடத்தை நோக்கி ஒவ்வொரு துணியாக நகர்ந்து போனது, யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு நடப்பது போல. துணிகள் மூச்சு விட்டன. யாரோ விசும்பினார்கள். அறிவிப்பக்கா எத்தனையோ ஞாயிறுகள் உட்கார்ந்த இடம் அது. அந்த நிமிடம் அது எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் மகள் இதையா அலமாரி மேல் சுருட்டி வைத்திருந்தாள்? இடத்தை அடைக்கிறது என்று இதையா சொன்னோம்? பெருமைப்பட வேண்டிய நேரம். பெருமைப்பட வாய்க்கவில்லை அவளுக்கு.

கடைசித் துணி வெளுத்தது. சிமிட்டியது. அணைந்தது.

இருட்டில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அந்தத் துணியில் ஒரு ஆள் நின்றிருந்தான். நெட்டையாக, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து.

ஆலயம் முழுக்க மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. யாரோ "ஆண்டவரே" என்றார்கள். முட்டிகள் தரையில் பட்டன. அறிவிப்பக்காவின் வாய் திறந்தது. என்னங்க, நகருங்க, தள்ளி நில்லுங்க என்று கத்தினால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் எழுந்து நின்றாள்.

கூப்பிடவில்லை, அழவில்லை. பெஞ்சிலிருந்து வெளியே வந்து துணிகளுக்கு நடுவே நடந்தாள். அவள் நிழல் ஒரு துணியிலிருந்து அடுத்த துணிக்குத் தாவித் தாவிப் போனது. கடைசித் துணியைக் கையால் விலக்கினாள், உள்ளே போனாள், துணி விழுந்து மூடிக்கொண்டது.

சபைக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நிழல்கள். சின்னது பெரியதன் முன்னால் அசையாமல் நின்றது. பெரியது கையில் இருந்த எதையோ கீழே வைத்தது. பிறகு குனிந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன, எது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

கடைசி வரிசையில் மூப்பர் வாய்விட்டு அழுதார்.

இருட்டில் மகள் வந்து அறிவிப்பக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இது நான் வச்சதில்ல" என்று காதுக்குள் சொன்னாள். "ஆனா இதுதாம்மா. இதுக்குத்தான் இத்தனை நாள் அலைஞ்சேன்."

அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு அண்ணனும் தங்கையும் நிற்கிறார்கள் என்பது முழங்காலில் இருந்தவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி. அவள் எழுதிய தாள் அவர்கள் எல்லோருடைய பையிலும் இருந்தது.

முடிந்து போகும்போது மூப்பர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தெரிஞ்சுதும்மா" என்றார். "இந்தக் கண்ணால பாத்தேன்." அவளால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

நாத்தனார் பக்கவாட்டு வாசலில், கைகழுவும் குழாயடியில் இருந்தாள். முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அறிவிப்பக்கா பின்னால் போய் நின்றாள்.

"ஜன்னலுக்குத் தைக்கற துணி அண்ணி" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "தூரத்துலயே தெரிஞ்சிடுச்சு. தெனமும் கையில பொரள்றதுதானே."

"தெரிஞ்சும் ஏம்மா எழுந்து போன?"

"தெரிஞ்சா மட்டும் காலு நிக்குமா?" குழாயை மூடினாள். "அண்ணன் என்னப் பாத்து பயந்துட்டார். வாயில டெஸ்டர வச்சுக்கிட்டு, 'விளக்கு சரியாயிடுச்சும்மா'ங்கறார். நான் என்ன கேட்டேன்னு நெனச்சாரோ." சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது. "ஒரே உசரம் அண்ணி. கட்டிப் புடிச்சா நெத்தி அதே எடத்துல வந்து இடிக்குது."

"அந்த அறிவிப்பு..." என்றாள் அறிவிப்பக்கா. "அதுல இன்னொரு சொல்லு இருந்தது. ஒளிக் கலைக் காட்சி. நம்ம பொண்ணு செஞ்ச கலை வேலை இது. அந்தக் கலைங்கறது தாள்ல இல்லாமப் போச்சு."

நாத்தனார் இப்போதுதான் திரும்பினாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "அடிக்கறப்ப விட்டுப்போச்சா?"

கேட்ட விதத்திலேயே ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடு, நான் நம்பிக்கொள்கிறேன் என்கிற கெஞ்சல். ஆமாம் என்றால் எல்லாம் முடிந்துவிடும். கை தவறுவது மனிதருக்கு வருவதுதானே.

"இல்ல" என்றாள் அறிவிப்பக்கா. "தெரிஞ்சேதான் எடுத்தேன். மூப்பர் சண்டைக்கு வருவார்னு. எம்பொண்ணுக்கு இது நடக்கணும்னு. காலையில நீ வந்து நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு, நீ என்ன நெனச்சுட்டு வரேன்னு. அப்பவும் சொல்லல. இடம் பிடிச்சு வைக்கறேன்னு சொன்னேன்."

நாத்தனார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். அது யாருடையது என்று அப்போதுதான் கவனித்தவள் போல அறிவிப்பக்காவிடமே நீட்டினாள்.

"திட்டு. என்ன வேணா சொல்லு."

"திட்டி என்ன ஆகப்போகுது." குரல் உயரவே இல்லை. "நான் அவர நம்பி வரல அண்ணி. அவர்கிட்டதான் எனக்குப் பேச்சே இல்லியே. மத்தவங்க யாராவது வந்து சொல்லியிருந்தா போடி வேலையப் பாத்துக்கிட்டுன்னு அனுப்பியிருப்பேன். தாள்ல போட்டிருந்தது. நீங்க எழுதினது. எங்க அண்ணி எழுதினா சரியாத்தான் இருக்கும்னு வந்தேன்."

அறிவிப்பக்கா அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"அத்தை!" மகள் ஓடி வந்தாள். பின்னாலேயே போதகர். மகள் அத்தையைக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "நீங்க எழுந்து நடந்தீங்களே, அத்தை... எல்லாரும் அதையேதான் பேசிட்டுப் போறாங்க. எப்படி இருந்துச்சு? பிடிச்சுதா?"

அறிவிப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் போதும், மகளின் முகத்தில் இருக்கிற அத்தனையும் உதிர்ந்துவிடும்.

"நல்லா இருந்தது கண்ணு" என்றாள் நாத்தனார், அவள் தலையைத் தடவி. "ஓரம்தான் மடிச்சு அடிக்காம விட்டிருக்க. நூலு பிரியுது பாரு. கழட்டினதும் கொண்டா, நான் அடிச்சுத் தரேன்."

"இப்ப கழட்ட வேண்டாம்" என்றார் போதகர், கைகளைத் தேய்த்துக்கொண்டே. "மூப்பரே வந்து கேட்டுக்கிட்டார். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்னு. அவரே! அக்கா, நாளைக்கு அறிவிப்புல சேர்த்துடுங்க. போன வாரம் எழுதின மாதிரியே எழுதிடுங்க, ஒரு எழுத்தும் மாத்தாதீங்க. இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தது அந்த வரிதான்."

மகள் சந்தோஷத்தில் அம்மாவின் கன்னத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு, அப்பாவிடம் சொல்ல உள்ளே ஓடினாள். போதகர் நாற்காலிகளை எண்ணப் போனார்.

குழாயடியில் இருவர் மட்டும் நின்றார்கள். உள்ளே யாரோ விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாம்மா" என்றாள் அறிவிப்பக்கா. "ரெண்டு நாளா பட்டினி. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம் அண்ணி. வீட்ல இருக்கு." நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாலடி போனவள் நின்று, திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அறிவிப்பக்காவைக் கொன்றது.

"நாளைக்கு ஆராதனைக்கு வரேன்" என்றாள். "பாட்டு, பிரசங்கம் எதுவும் எனக்கு வேண்டாம். நீங்க அறிவிப்பு வாசிக்கற நேரத்துக்கு வந்து உக்காந்துக்கறேன்."